நிகழ்நிலை விஞ்ஞான வகுப்பும் மருந்தகவியல் அனுமதியும்



உயர்தர வகுப்பிலே உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் இன்று பாடசாலை அதிபர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை மருந்தகவியல் படிக்க ஆசைப்படுகிறாள், கொழும்பிலிருந்து நடத்தப்படும் ஒன்லைன் வகுப்பிற் சேர்த்தாற் பெறுபேறு உயருமா?" என்பதே அது. சுருக்கமாக விடையளிக்கக்கூடிய கேள்விபோல இது தோன்றும். ஆனால், இதனுள்ளே ஒரு குடும்பத்தின் மாத வருமானமும், ஒரு பிள்ளையின் இரண்டு வருட உழைப்பும், ஒரு பிரதேசத்தின் எதிர்காலமும் அடங்கியிருக்கின்றன. ஆதலின் இதனைச் சிறிது ஆற அமர்ந்து ஆராய்தல் தகும்.

நான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன். இரசாயனவியலின் நுட்பங்களை எடுத்துரைக்க இங்கு முற்படவில்லை. பிள்ளைகள் எவ்வாறு கற்கிறார்கள், அக்கல்வி எவ்வாறு புள்ளியாக மாறுகிறது, அப்புள்ளி எவ்வாறு பல்கலைக்கழக வாயிலைத் திறக்கிறது என்பவற்றை ஒரு பாடசாலையின் உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையிலேயே பேசுகிறேன்.

எமது ஒலுவில் கிராமம் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலே, பாலமுனைக்கும் நிந்தவூருக்கும் இடையில் உள்ளது. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டிலே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, மறு ஆண்டிலே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது எமது மண்ணிலேதான். ஆயினும் பல்கலைக்கழகம் அண்மையில் இருப்பதும், அதனுள் நுழைவதும் வேறு வேறு. மருந்தகவியலோ பேராதனை, யாழ்ப்பாணம், ருஹுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகிய பல்கலைக்கழகங்களிலே கற்பிக்கப்படுகிறது. ஆசனங்கள் சில, ஆசைப்படுவோர் பலர்.

அவ்வாசனங்கள் பங்கிடப்படும் முறையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மருந்தகவியல் உட்படப் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு நாற்பது ஆசனங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி வழங்கப்படுகின்றன. ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பிரிக்கப்பட்டு, அந்தந்த மாவட்டத்திலே கூடிய புள்ளி பெற்றோருக்குப் போகின்றன. எஞ்சிய ஐந்து வீதம் கல்வி வசதி குறைந்தவையெனக் கொள்ளப்பட்ட பதினாறு மாவட்டங்களுக்கு உரியது. அம்பாறையும் அப்பதினாறில் ஒன்று. ஆகவே, எமது பிள்ளை நாடு முழுவதோடும் போட்டியிடுகிறாள். தன் மாவட்டத்துப் பிள்ளைகளோடும் போட்டியிடுகிறாள்.

இப்போட்டியில் அளவுகோலாக நிற்பது 'மூன்று ஏ' என்பதன்று. வீட்டிலே இனிப்புப் பரிமாறுவது ஏ சித்திக்காக. ஆனால் தெரிவு நடப்பது இசட் புள்ளியினாலே. 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள இம்முறையை விளங்குவது கடினமன்று. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்திற்குத் தோற்றிய அனைவரதும் இடைப்புள்ளியைக் கழிக்க வேண்டும். வரும் விடையை நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு சராசரி எடுத்தால் அதுவே இசட் புள்ளி. ஒருவர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறார் என்பதை அன்று, ஏனையோரிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார் என்பதையே இது கூறுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கினால் இதனை விளக்குவேன். இரசாயனவியலில் இடைப்புள்ளி 40 என்றும், நியம விலகல் 20 என்றும் கொள்வோம். ஒரு மாணவி 60 புள்ளி பெற்றால் அவளுடைய இசட் புள்ளி 1. அவள் திரைவழி வகுப்பிற் சேர்ந்து 70 பெற்றால் இசட் புள்ளி 1.5 ஆக உயரும். பெற்றோர் எதிர்பார்ப்பது இதனையே. ஆனால் அவளைப் போலவே நாடெங்கும் உள்ள பிள்ளைகளும் அதே ஆசிரியரின் அதே விளக்கத்தைக் கேட்டு, இடைப்புள்ளியும் 50 ஆக உயர்ந்துவிட்டால் என்ன நிகழும்? விலகல் மாறாதிருப்பின், எழுபது பெற்ற அம்மாணவியின் இசட் புள்ளி மீண்டும் 1. அவள் பத்துப் புள்ளி உயர்ந்தும், வரிசையில் ஓரடியும் முன்னேறவில்லை.

இன்னொருத்தியையும் நினைத்துப் பாருங்கள். கைத்தொலைபேசி இல்லாத வீட்டிலே பிறந்து, பாடசாலையை மட்டும் நம்பிப் படித்து, முன்போலவே 60 பெற்றவள் அவள். அவளது அறிவு குறையவில்லை, உழைப்புக் குறையவில்லை. ஆயினும் அவளுடைய இசட் புள்ளி 1 இலிருந்து 0.5 ஆக இறங்கிவிடுகிறது. மாவட்டப் பங்கீட்டினுள் இதன் பொருள் யாதெனின், அலைவரிசை எட்டும் வீட்டுப் பிள்ளைக்கு ஓர் ஆசனம் கூடும்போது, அது எட்டாத வீட்டுப் பிள்ளைக்கு ஓர் ஆசனம் குறைகிறது என்பதாம். அவ்விருவரும் அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகளே. ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்திருப்பவராகவும் இருக்கலாம்.

இதனாலே திரைவழிக் கல்வி தீது என்று கூற நான் வரவில்லை. அது எமது பிரதேசத்திற்குச் செய்த நன்மை பெரிது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதற்கு முன்னர் விஞ்ஞானப் பிரிவிலே மேலதிக வகுப்பு நாடிய எமது பிள்ளைகள் கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ பேருந்தேற வேண்டும். வசதியுள்ளோர் கண்டிக்கும் கொழும்புக்கும் சென்று தங்குவர். ஆண்பிள்ளைகளுக்கு அது சிரமம். பெண்பிள்ளைகளிற் பலருக்கு அஃது அறவே இயலாத காரியம். மாலை மங்கியபின் மகள் வீடு திரும்ப வேண்டியிருப்பின், வகுப்பை விடுவித்து விடுவதே குடும்பங்களின் வழக்கமாயிருந்தது. திரைவழி வகுப்பு வந்தபின் அப்பிள்ளை தன் வீட்டுக் கூடத்திலே, தாயின் கண்முன்னே இருந்து, சிறந்த ஆசிரியர் ஒருவரின் விளக்கத்தைக் கேட்கிறாள். விளங்காத பகுதியை மீண்டும் ஓடவிட்டுப் பார்க்கிறாள். பேருந்துக் கட்டணமும் இல்லை. வாடகை அறையும் இல்லை. எந்த மாவட்டத்துப் பாடசாலையிற் பயின்றார் என்பதே மாவட்டத் தெரிவிற்கு அடிப்படையாதலின், ஊரை விட்டுப் போகாமலே கற்பது அவ்வகையிலும் நன்று.

வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது புதுமையுமன்று. இலங்கை வானொலியின் கல்விச் சேவை பாடசாலைகளுக்கென ஒலிபரப்பிய பாடங்களை வகுப்பறையிலே அமர்ந்து கேட்டவர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். தொலைவிலிருந்து வரும் குரல் அறிவூட்டும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவர். ஆனால் ஒன்றையும் அவர்கள் அறிவர்: வானொலிப் பாடம் முடிந்ததும் வகுப்பாசிரியர் எழுந்து, கேட்டதைப் பற்றி வினவி, கரும்பலகையில் எழுதி, கொப்பியைத் திருத்துவார். குரலும் ஆசிரியரும் சேர்ந்தபோதே பாடம் நிறைவுற்றது.

இங்கேதான் எனது உரையின் மையக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. திரை தருவது விளக்கம். அவ்விளக்கம் இன்று எல்லோருக்கும் பொதுவாகி வருகிறது. பொதுவான பொருள் இசட் புள்ளியிலே எவரையும் உயர்த்தாது. உயர்த்துவது, திரையினால் தரமுடியாததை யார் பெறுகிறார் என்பதே. அவை இரண்டு: ஒன்று, தன் கையாற் செய்த பரிசோதனை, மற்றொன்று, தன் கையால் எழுதி ஆசிரியர் திருத்திய விடை.

இன்றைய உயர்தரப் பரீட்சையிலே பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகியவற்றுக்கு எழுத்து வினாத்தாள்களே உண்டு. ஆய்வுகூடத்திலே நிறுத்திவைத்துச் சோதிப்பதில்லை. அதனாலே, பரிசோதனையைப் படத்திற் பார்த்தாற் போதும் என்று சில பிள்ளைகள் எண்ணுகின்றனர். ஆனால், இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்கள் செய்முறையை அடிப்படையாகக் கொண்டு கேட்கப்படுவதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். வேணியர் இடுக்கியின் பூச்சிய வழுவை எவ்வாறு காண்பாய், இந்த அளவீட்டை ஏன் மீண்டும் எடுக்கிறாய், இந்த இடத்திலே எந்த உபகரணம் பொருத்தம், ஏன் என்றெல்லாம் கேள்விகள் வரும். செய்தவனுக்கு இவை நினைவு. செய்யாதவனுக்கு இவை மனப்பாடம். மனப்பாடம் கேள்வி சற்றே திரும்பினால் கைவிட்டுவிடும்.

நியமிப்புப் பரிசோதனையின் படிகளை ஒன்றுவிடாமல் ஒப்புவித்த மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும். அளவியைக் கழுவுவது, அமிலத்தை நிரப்புவது, பினோத்தலீன் இடுவது, நிறம் மாறுங் கணத்தை நோக்குவது எல்லாம் வரிசையாக வந்தன. பின்னர் உண்மையான அளவி ஒன்றின்முன் நின்றபோது, திரவத்தின் பிறையுருவை மேலிருந்து குனிந்து வாசித்தார். கண்ணைத் திரவ மட்டத்திற்கு நேரே வைக்க வேண்டும் என்பது அவர் பார்த்த காணொளியிலும் சொல்லப்பட்டதுதான். காதினால் அறிந்தது கண்ணுக்கு வந்து சேரவில்லை. மூன்று முறை செய்தபின்னர் வந்து சேர்ந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இதனையன்றோ?

நியமிப்பிலே அரை மில்லிலீற்றர் பிழைத்தாற் சில புள்ளிகளே போகும். ஆனால் மருந்தகவியல் என்பது அளவின் தொழில். குழந்தைக்கு 0.5 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய இடத்தில் 5 மில்லிகிராம் கொடுத்தால் அது பத்து மடங்கு. மூட்டுவாத நோயாளருக்கு வாரம் ஒருமுறை வழங்கப்படும் மெதொட்ரெக்சேட் என்னும் மருந்தை நாள்தோறும் உட்கொண்டமையால் உயிரிழந்தோர் பல நாடுகளில் உளர். எனவே, எமது பிள்ளை மருந்தகவியலுக்கு எவ்வழியாக நுழைகிறாள் என்பதோடு, எவ்வகைக் கையோடு நுழைகிறாள் என்பதும் எமக்கு முக்கியம். இந்நாடு மருந்து விடயத்திலே உலகுக்கு வழிகாட்டிய நாடு. பேராசிரியர் சேனக்க பிபிலேயின் முயற்சியாலே 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, தேவையான மருந்தைக் குறைந்த விலையில் மக்களுக்கு வழங்கும் கொள்கை வேரூன்றியது. அம்மரபிலே சேரவிருப்போருக்கு நுணுக்கம் ஓர் அணிகலனன்று, அடிப்படை.

ஏனைய நாடுகளின் நடைமுறையும் இதனையே காட்டுகிறது. ஐக்கிய அமெரிக்காவிலே மருந்தகவியற் கல்லூரிக்கு விண்ணப்பிப்போர், முதலில் வேறு கல்லூரியிலே இரசாயனவியல், உயிரியல் முதலான பாடங்களைப் பயின்று பெற்ற தரங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். பார்ம்காஸ் எனப்படும் பொது விண்ணப்பச் சேவை, அத்தரங்களை ஒரே முறையிற் கணக்கிட்டு, விஞ்ஞானப் பாடங்களுக்கெனத் தனிச் சராசரியொன்றும் தருகிறது. திரைவழி விரிவுரையை ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகள் பல; ஆனால் ஆய்வுகூடப் பாடமும் திரைவழியே எனின் தயங்குவன உள. 2020இல் வேறு வழியின்றிப் பல கல்லூரிகள் அதற்கும் விலக்களித்தன. இந்தியாவிலோ, பல்கலைக்கழக மானியக்குழு 2020ஆம் ஆண்டு வகுத்த விதிகள் மருந்தகவியலைத் தொலைக்கல்வியாகவோ திரைவழியாகவோ நடத்தலாகாதெனத் தடுக்கின்றன. நமது நாட்டிலே தொலைக்கல்விக்கென்றே 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் மருந்தகவியற் பட்டம் வழங்குகிறது. அங்கும் ஆய்வுகூட வகுப்புக்கு மாணவர் நேரில் வந்தாக வேண்டும். தொலைவிலிருந்து கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனமும் ஆய்வுகூட மேசையைக் கைவிடவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

திரைவழிக் கல்வியால் தரம் உயருமா, தாழுமா என்பதைப் பெருந்தொகையான மாணவரிடையே அளந்து பார்த்தவர்களும் உளர். டி ஷூ, ஷானா ஸ்மித் ஜகர்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகளிலே 40,000க்கும் மேற்பட்ட மாணவர் பயின்ற ஏறத்தாழ 500,000 பாடப் பதிவுகளை ஆராய்ந்து, 2014ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். திரைவழிப் பாடத்திலே எல்லா வகை மாணவரதும் பெறுபேறு ஓரளவு குறைந்தது. ஆனால் அக்குறைவு எல்லோருக்கும் சமமாக இருக்கவில்லை. ஆண் மாணவர், வயதிற் குறைந்தோர், கறுப்பின மாணவர், முன்னரே குறைந்த தரம் பெற்றோர் ஆகியோருக்கு அது கூடுதலாக இருந்தது. அவர்கள் ஆராய்ந்தது கல்லூரிக்கு மாற்றாக அமைந்த பாடம். எமது பிள்ளைகள் சேர்வது பாடசாலைக்கு மேலதிகமான வகுப்பு. ஆயினும், மேலதிகமாக வந்தது மாற்றாக மாறிவிடுமாயின், முதலில் விழுபவன் யார் என்பதை அம்முடிவு உணர்த்துகிறது. பின்வரிசையில் இருப்பவனே முதலில் விழுவான்.

அவ்வாறு மாறிவரும் அறிகுறிகள் இன்று தெரிகின்றன. பதின்மூன்றாந் தர வகுப்பறைகளிலே கடைசி மாதங்களில் வாங்குகள் வெறுமையாகின்றன. பாடசாலைப் பரீட்சார்த்திக்கு எண்பது வீத வரவு வேண்டும் என்ற விதி இருந்தும், இரவெல்லாம் திரைமுன் விழித்திருந்த பிள்ளை காலையிலே எழ மறுக்கிறது. "வீட்டிலிருந்தே படிக்கட்டுமே" என்று பெற்றோரும் இசைகின்றனர். பிள்ளைகள் வராத ஆய்வுகூடத்திலே இரசாயனங்கள் காலாவதியாகின்றன. நுணுக்குக்காட்டியின் வில்லையிலே கடற்காற்றின் ஈரம் படிகிறது. ஆசிரியரும் ஆர்வம் இழக்கிறார். அப்போது, பாடசாலையைத் தவிர வேறு கதியற்ற அந்த இரண்டாம் மாணவிக்கு, பாடசாலையும் இல்லாமற் போகிறது.

2022ஆம் ஆண்டை நாம் மறத்தலாகாது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் தடைப்பட்டது. திரைகள் இருண்டன. அன்று படிப்பைத் தொடர்ந்தவர் யாரெனின், கையில் நூலும், அயலில் ஆசிரியரும், கேள்வி கேட்கத் தோழரும் உடையவரே.

ஆகவே செய்யவேண்டியது யாது?

பெற்றோரே, பிள்ளையைத் திரைவழி வகுப்பிற் சேர்ப்பதாயின் சேருங்கள். ஆனால் எத்தனை வகுப்புக்குப் பணம் கட்டினோம் என்று கணக்கிடாதீர்கள். இவ்வாரம் எத்தனை கடந்தகால வினாக்களுக்குப் பிள்ளை முழுமையாக விடை எழுதியது, அவற்றுள் எத்தனையை ஓர் ஆசிரியர் பார்த்துத் திருத்தினார் என்று கேளுங்கள். ஒரு பாடத்திற்கு ஓர் ஆசிரியர் போதும். நால்வரின் விளக்கத்தைக் கேட்கும் பிள்ளைக்கு எழுதுவதற்கு நேரம் எங்கே?

மாணவரே, இரவிற் கேட்டதை மறுநாட் காலையிலே பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். விளங்காததை ஆசிரியரிடம் வினவுங்கள். காணொளியிற் கண்ட பரிசோதனையைச் செய்து காட்டுமாறு கேளுங்கள்; பின்னர் நீங்களே செய்யுங்கள். ஏ சித்தி 75 புள்ளியிலே தொடங்கி 100 வரை நீள்கிறது. ஒரே ஏ சித்தியினுள்ளும் இசட் புள்ளி பெரிதும் வேறுபடலாம். அங்கே உங்களை உயர்த்துவது கூடுதலாகக் கேட்டதன்று, திருத்தமாகச் செய்ததே.

ஆசிரியர்களுக்கும் என் போன்ற அதிபர்களுக்கும் உரிய பங்கு பெரிது. விளக்கம் திரையிலே கிடைக்கிறதென்றால், பாடசாலை நேரத்தை வெறும் விளக்கத்திற்கே செலவிடுவது வீண். அந்நேரத்தை ஆய்வுகூடத்திற்கும் விடை திருத்தலுக்கும் ஒதுக்க வேண்டும். தொலைபேசி இல்லாத பிள்ளைகளுக்காகப் பாடசாலையின் கணினி அறையை மாலை வேளையிலே திறந்து, நல்ல பாடமொன்றைப் பலர் கூடிப் பார்க்கச் செய்யலாம். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலே தமிழ்மொழிப் பாடங்களும் இலவசமாக உள்ளன. ஒரு பாடசாலையிலே உபகரணம் இருக்கும், ஆசிரியர் இரார். மற்றொன்றிலே ஆசிரியர் இருப்பார், உபகரணம் இராது. அட்டாளைச்சேனையும் பாலமுனையும் ஒலுவிலும் நிந்தவூரும் சில மைல்களுக்குள் அடங்கியவை. மாதம் ஒரு சனிக்கிழமை ஒரே ஆய்வுகூடத்திலே கூடினால் இக்குறை தீரும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலே இயங்குகிறது. விடுமுறைக் காலத்திலே உயர்தர மாணவருக்குச் சில நாட்கள் அதன் கதவு திறக்குமாயின், அஃது இப்பிரதேசத்திற்குச் செய்யும் பேருதவியாகும்.

இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்தபோது, பிறந்த வீட்டின் வறுமை பிள்ளையின் அறிவுக்கு வேலியாகக் கூடாது என்பதே அதன் நோக்கமாயிருந்தது. இன்று அந்த வேலி, கட்டணம் கட்டிய திரையாகவும் கட்டணம் கட்டாத திரையாகவும் மீண்டும் எழ விடலாகாது. அதனைத் தடுக்கும் ஆற்றல் அயலிலே உள்ள அரசாங்கப் பாடசாலைக்கு உண்டு. அதன் ஆய்வுகூடம் திறந்திருக்க வேண்டும். அதன் வாங்குகள் நிறைந்திருக்க வேண்டும். அவ்வாறாயின், திரை வசதியுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே மேசையருகே நின்று, ஒரே அளவியைக் கண்மட்டத்தில் வைத்து வாசிப்பர். அவர்களுள் எவர் மருந்தகவியலுக்குத் தெரிவானாலும், அவர் கையால் அளந்து தரும் மருந்தை நாம் அச்சமின்றி உட்கொள்ளலாம்.